பன்னிரண்டாம் வீட்டுச் சுவர்

புரோக்கர் பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வீடு கொஞ்சம் கதகதப்பா இருக்கும் மேடம்" என்றுதான் சொன்னார். கத்திரி வெயில் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது, ஆற்காட்டுப் பக்கத்தில் ஒருவர் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் "ஏன் கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்காமல் எனக்குச் சாவி கொடுத்த முதல் ஆள் அவர். அந்தச் சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை.

பன்னிரண்டு வீடுகள் ரயில்பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும் காலனி அது. ஒரு வீட்டின் கடைசிச் சுவர்தான் அடுத்த வீட்டின் முதல் சுவர். வாயு மூலையில் ஒன்றாம் எண் தொடங்கி, அக்னி மூலையில் பன்னிரண்டாம் எண்ணில் முடியும். என் வீடு பன்னிரண்டு. அதற்கு அப்புறம் தெரு.

பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, பதினோராம் வீட்டை ஒட்டிய கூடத்துச் சுவரில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். முப்பது வருடம் வெப்பமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். தடுப்பூசி வண்டியில் இருப்பது, இறால் கிடங்கில் இருப்பது என்று ஊரில் உள்ள வெப்பமானிகளில் எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. கருவியை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். ஐம்பத்தொரு டிகிரி. வெயில் நேராக அடிக்கும் தெருப்பக்கச் சுவர் முப்பத்தெட்டுதான் காட்டியது. அப்படியானால் இது வெயில் இல்லை.

ஒன்றாம் வீட்டில் காலனிச் சங்கத்தின் செயலாளர் ஜெகதீஷ் இருந்தார். சித்திரை மாதத்தில் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்த மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"உள்ள வாங்க மேடம், கதவைச் சாத்துங்க. குளிர்ச்சி வெளிய போயிடும்."

"குளிர்ச்சி எங்கயும் போகாது சார். சூடுதான் உள்ள வரும்" என்றேன். இந்த மாதிரிப் பேசித்தான் எனக்கு நண்பர்கள் குறைவு. "எல்லா வீட்டுலயும் ஒருவழித் தகடு போட்டிருக்கீங்களா?"

"உங்க வீட்டத் தவிர எல்லாத்துலயும். மூணு வருஷம் ஆகுது."

ஒருவழித் தகடு காலண்டர் அட்டை கனம்தான் இருக்கும். சுவரில் ஒட்டிக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால், இந்தப் பக்கத்துச் சூட்டை உறிஞ்சி அந்தப் பக்கம் தள்ளும். தள்ளியது திரும்பி வராது. சூடு எந்தப் பக்கம் போகும் என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். விஞ்ஞானம் அதோடு முடிந்தது. மிச்சம் எல்லாம் அந்த அம்பை யார் பக்கம் வைப்பது என்பதுதான்.

தகடு வந்த புதிதில் எல்லா ஊரிலும் எல்லோரும் தெருப்பக்கம் வைத்தார்கள். வீடுகள் ஜில்லென்று ஆயின, தெருக்கள் அடுப்பு ஆயின. இந்தக் காலனி முனையில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா ஒருநாள் நடுப்பகலில் கூடைமேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்படிப் பல தெருக்களில் நடந்த பிறகு, தெருவுக்குச் சூடு தள்ளினால் சிறை என்று சட்டம் வந்தது.

"அப்புறம் வாஸ்து பாக்கறவரைக் கூட்டிட்டு வந்தோம் மேடம்" என்றார் ஜெகதீஷ். "நெருப்பு சம்பந்தப்பட்டது அக்னி மூலை பாத்துதான் போகணும்னுட்டாரு. பதினோரு வீட்டு அம்பையும் ஒரே திசையில வச்சோம். வேற எந்த விஷயத்துலயாவது இந்தக் காலனி இவ்ளோ ஒத்துமையா இருந்திருக்கும்ங்கறீங்க?"

"அக்னி மூலையில ஒரு வீடு இருக்கே சார்."

"அது பூட்டித்தானே கிடந்துச்சு."

"சூடு அழியாது சார். இடம் மாறும், அவ்ளோதான். உங்க சூடு ரெண்டாம் நம்பருக்குப் போகுது. அவங்க தங்களோடதையும் சேத்து மூணுக்குத் தள்றாங்க. இப்படியே பதினோரு வீட்டு அடுப்பு, பிரிட்ஜு, கெய்சரு, உடம்புச் சூடு எல்லாம் என் கூடத்துல வந்து நிக்குது."

"அப்ப நீங்களும் ஒரு தகடு போட்டுத் தள்ளிடுங்க."

"எனக்கு அடுத்தது தெரு. தள்ளினா ஜெயில்."

மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். "மொட்டை மாடியில சூட்டுத் தூண் வைக்கலாம். மொத்தச் சூட்டையும் வானத்துக்கு அனுப்பிடும். ஆனா பன்னெண்டு ஓனரும் கையெழுத்துப் போடணும். உங்க ஓனர் மஸ்கட்ல இருக்காரு. குழுவுல போட்டு விடுறேன். பாக்கலாம்."

"என்னையும் குழுவுல சேருங்க."

"அது ஓனர்ஸ் குழு மேடம். வாடகைக்கு இருக்கறவங்களச் சேக்கறதில்ல."

நம் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுவர் சுடுகிறதா என்று கேட்டது ஒரே ஒருவர்தான். பின்பக்கத் துணிக்கொடியில் லுங்கியை உதறிப் போட்டுக்கொண்டிருந்த பதினோராம் எண் ஸ்டான்லி ஜெபராஜ். எழுபத்து நான்கு வயது. எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. மகள் பெனிட்டா நியூசிலாந்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவாள்.

"ஏம்மா, செவுரு ரொம்பச் சுடுதா?"

"சுடுது சார்."

"என் சூடு மட்டும்னா தாங்கிடுவ. பத்து வீட்டுது எனக்கு வருதும்மா. பிடிச்சு வச்சா நான் வெந்துடுவேன், தள்ளிவிட்டா நீ வேகற. எனக்கு வாஸ்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது. எல்லாரும் வச்சாங்க, நானும் வச்சேன்." இரண்டு கிளிப்புகளைச் செருகிவிட்டுத் தொடர்ந்தார். "சுவிட்சை ஆஃப் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல. கரண்ட் இல்லேன்னா அது வெறும் காப்புப் பலகை ஆயிடும். இந்தப் பக்கம் நெருப்பே எரிஞ்சாலும் அந்தப் பக்கம் தெரியாது. கம்பெனிக்காரன் செஞ்சு காட்டினான். ஒரு பக்கம் தோசைக்கல்லு, மறுபக்கம் வெண்ணெய். வெண்ணெய் உருகவே இல்ல."

தனியாக இருப்பவர்களுக்கு அளப்பதற்கு ஏதாவது வேண்டும். நான் பழைய பெட்டியிலிருந்து நாற்பது சின்ன வெப்பமானிகளை எடுத்துச் சுவர் முழுக்க ஒட்டி, கணினியில் இணைத்துவிட்டேன். அதிகாலையில் யாரோ கெய்சர் போடுகிற சூடு ஏழு மணிக்கு என்னிடம் வந்துசேர்ந்தது. ஞாயிறு பதினொரு மணிக்குக் கறி கொதிக்கும் சூடு வந்தது. தூரத்து வீடுகள் எல்லாம் கல்யாண மண்டபத்துப் பேச்சு மாதிரி ஒன்றோடொன்று கலந்துவிடும். எது யாருடையது என்று பிரிக்க முடியாது. பதினோராம் வீடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

தினமும் மாலை ஐந்தேகாலுக்குச் சுவரின் நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், முறம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் அரை டிகிரி கூடும். ஆறேமுக்காலுக்கு மறையும். இரண்டு நாள் கருவியில் கோளாறு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் புரிந்தது. அவர் அங்கே சாய்ந்து உட்காருகிறார். அவர் முதுகின் சூட்டைத்தான் தகடு எடுத்து என் பக்கம் அனுப்புகிறது.

ஒருநாள் ஐந்தேகாலுக்குக் குட்டை நாற்காலியை அந்த இடத்தில் போட்டு, முதுகுக்கு ஈரத்துண்டை மடித்துக் கொடுத்து, நானும் சாய்ந்து உட்கார்ந்தேன். ஐம்பத்தாறு வயதில் முன்பின் தெரியாத ஒருவரின் முதுகுச் சூட்டுக்காகச் சுவரோரம் உட்காருவது வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே தினமும் உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கொடியடியில் அவரிடம் சொல்லிவிட்டேன். சாய்வதை மட்டும்தான், நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை.

"நான் உக்காந்தா உனக்குத் தெரியுமா?"

"அஞ்சேகாலுக்கு உக்காருறீங்க. ஆறேமுக்காலுக்கு எந்திரிக்கிறீங்க. நேத்து மட்டும் நடுவுல ஒருவாட்டி எந்திரிச்சீங்க."

"பால் பொங்கிடுச்சு" என்றார். கையிலிருந்த ஈரச் சட்டையை வெகுநேரம் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நான் இருக்கேன்னு ஒருத்தருக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கத்திரி தொடங்கியது. சுவர் ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. ஒரு மத்தியானம் சமையலறையில் தலை சுற்றி விழுந்தேன். கண் விழித்தபோது குழாய்த் தண்ணீர் வழிந்து கூடம் வரை வந்திருந்தது. அதிலும் ஆவி பறந்தது. இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள், வீட்டை மாற்றுங்கள் என்றார் டாக்டர். எட்டு இடத்தில் கேட்டேன். எட்டு இடத்திலும் "கூட யாரு இருப்பாங்க?" என்றார்கள்.

வெப்பத் துறையிலிருந்து பர்வீன் என்ற ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். சுவரைத் தொட்டுப் பார்த்து முகம் மாறினாள்.

"மேடம், உங்க சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் மேலதான் நீங்க புகார் எழுத முடியும். அதுக்கு அப்பால உள்ளவங்க நேரா உங்களுக்குச் சூடு தள்ளல."

"பத்து வீட்டுச் சூடு அவர் வழியா வருதும்மா. அவர் என்ன பண்ணுவாரு?"

"சட்டத்துக்குப் பக்கத்து வீடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். புகார் இருந்தாத்தான் நான் மறுபடி இந்தக் காலனிக்குள்ளயே வர முடியும். எழுதிக் கொடுங்க. முப்பது நாள் டைம் இருக்கு."

படிவத்தில் 'சூடு தள்ளும் சுவரின் உரிமையாளர்' என்று ஒரே ஒரு கோடு. ஸ்டான்லி ஜெபராஜ் என்று எழுதினேன். இது வெறும் சடங்கு, நோட்டீஸைப் பார்த்துச் சங்கம் பயந்து தூண் வைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடியடியில் அவரைப் பார்த்தால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டு நாள் பின்பக்கக் கதவையே திறக்காமல் இருந்தேன்.

புதன்கிழமை அவருக்கு நகல் போனது. வியாழக்கிழமை காலையில் சுவர் குளிர்ந்திருந்தது.

முப்பத்தாறு டிகிரி. முதலில் கையை வைத்தேன், பிறகு கன்னத்தை வைத்தேன். அதன் அடியிலேயே பாயைப் போட்டு மத்தியானம் வரை தூங்கினேன். எழுந்ததும் முதல் வேலையாக ஜெகதீஷுக்குச் செய்தி அனுப்பினேன்: 'சுவர் குளிர்ந்துவிட்டது. மிக்க நன்றி.' உடனே பதில் வந்தது. ஒரு கும்பிடு, அதற்குக் கீழே 'நம்ம கடமைதானே மேடம்.'

ஐந்தேகாலுக்கு அந்த இடம் சூடாகவில்லை. தகட்டின் திசையை மாற்றியிருப்பார்கள், இனி வராதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் என்னவோபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. புகார் எழுதியவள் முகத்தில் யார் விழிப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். அன்று வெகுநாளைக்குப் பிறகு பயமில்லாமல் அடுப்பைப் பற்றவைத்து முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்தேன். அவருக்கும் ஒரு கிண்ணம் எடுத்துவைத்து, கோபம் தணியட்டும் என்று பிரிட்ஜில் வைத்தேன்.

முப்பது வருடம் வெப்பமானியைப் படித்தவள். சுவர் குளிர்ந்தால் சூடு போய்விட்டது என்று அர்த்தமில்லை, அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கலாம் என்பதை ஒரு பள்ளிப் பிள்ளை சொல்லிவிடும். வெண்ணெய்க் கதையை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது, அதனால் நான் யோசிக்கவில்லை. இதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

ஞாயிறு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. சூட்டைத் தடுக்கும் தகடு சத்தத்தைத் தடுக்காது. அடித்து நின்றது, மறுபடி அடித்தது. ஏழாவது தடவை அடித்தபோது நான் எழுந்து ஓடினேன்.

கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. ஸ்டான்லி சார் எங்கள் பொதுச்சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். தலையில் போட்டிருந்த ஈரத்துண்டு காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. திறந்தால் சூடு தெருவுக்குப் போகும், பூக்கார அம்மா விழுந்த இடம் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரேதான். சுவரோரத் தகட்டு சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டிருந்தது.

போன் எட்டாவது தடவை அடித்தது. எடுத்தேன். "ஏம்ப்பா எடுக்கல? கோயிலுக்குப் போயிட்டியா?" என்றது ஒரு குரல். அந்தப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்பது நினைவில்லை.

போனுக்குப் பூட்டு இல்லை. தனியாக இருக்கிறவர் யாருக்காகப் பூட்டுவார்? பெனிட்டா வைத்துவிட்டதும் திரையில் காலனிக் குழு திறந்திருந்தது. வியாழக்கிழமை காலையில் அவர் எழுதியிருந்தார்: 'எல்லோருக்கும் வணக்கம். 12-இல் இருக்கும் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. அவர்கள் பக்கம் போகும் என் தகட்டை நிறுத்திவிட்டேன். தூண் வைக்கும் வரை தயவுசெய்து எல்லோரும் உங்கள் தகட்டை நிறுத்தி வையுங்கள். இரண்டு நாள் என்னால் தாங்க முடியும் என்று நினைக்கிறேன்.'

அதற்குக் கீழே பதினொரு கட்டைவிரல்கள். மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டு ஓனர்கூட ஒன்று போட்டிருந்தார். ஒருவரும் தகட்டை நிறுத்தவில்லை.

மகள் வரும்வரை அவரை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். பெட்டி அவரைக் குளிரவைத்து, அந்தச் சூட்டைக் கூடத்தில் விட்டுக்கொண்டிருந்தது. காலனிக்காரர்கள் உள்ளே வராமல் வாசலிலேயே மாலையை வைத்தார்கள். "வயசாச்சுல்ல" என்றார்கள். நான் பிரிட்ஜிலிருந்த சாம்பாரைக் கொட்டிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அடக்கம் முடிந்து பெனிட்டா கிளம்பும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். "அப்பா உங்களப் பத்திச் சொன்னாரு ஆன்ட்டி. அவர் உக்காருறது உங்களுக்குத் தெரியும்னு. போன வாரம் ரெண்டு தடவை அதையே சொன்னாரு." நான் படிவத்தில் அவர் பெயரை எழுதியதைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் ஜெகதீஷிடம் போய்த் தூண் எப்போது வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"இப்பதான் யாருக்கும் தொந்தரவு இல்லையே மேடம்" என்றார். குரலில் உண்மையிலேயே நிம்மதி இருந்தது. "உங்க செவுரு ஜில்லுனு இருக்கு. பதினொன்னு பூட்டித்தானே கிடக்கு? உங்க புகாரையும் முடிச்சு வைக்கறதா துறையில இருந்து லெட்டர் வந்துடுச்சு."

வீட்டுக்கு வந்து அந்தக் குளிர்ந்த சுவரைப் பார்த்தபடி நின்றேன். இந்தக் கோடை முழுக்க, அடுத்த கோடையும், நான் இங்கே சுகமாக இருக்கலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பிறகு பதினொன்றை யாராவது வாடகைக்குக் கேட்டு வருவார்கள். கொஞ்சம் கதகதப்பாக இருக்கும் என்று புரோக்கர் சொல்வார்.

சாவியை எடுத்துக்கொண்டு போனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி, சுவிட்சைப் போட்டேன்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு என் சுவர் அறுபதைத் தொட்டது. புதுப் படிவம் ஒன்றை எடுத்து, ஒரு பெயருக்கு மட்டும் இடமிருந்த அந்தக் கோட்டில் ஒன்றிலிருந்து பத்து வரை எல்லோருடைய பெயரையும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதி பர்வீனுக்கு அனுப்பினேன். சட்டத்தில் இடமில்லைதான் மேடம், ஆனாலும் புகார் புகார்தான், நாளைக்கு வருகிறேன் என்று பதில் போட்டாள். ஜெகதீஷுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். ஒன்றாம் எண்ணிலிருந்து பன்னிரண்டாம் எண்ணுக்கு அவர் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன மேடம் இது? நேத்து வரைக்கும் ஜில்லுனுதானே இருந்துச்சு?"

"செவுத்துல கையை வைங்க சார்."

"இங்க நிக்கும்போதே அனல் அடிக்குதே."

"வைங்க."

வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டு, உள்ளங்கையை மஃப்ளரில் தேய்த்தார்.

"இது உங்க வீட்டுச் சூடுதான்" என்றேன். "மூணு வருஷமா அனுப்பிட்டிருக்கீங்க. இன்னைக்குத்தான் பாக்கறீங்க."

அவர் மஃப்ளரைக் கழற்றினார். நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது. தூணுக்கான சம்மதப் பத்திரத்தையும் பேனாவையும் மேசைமேல் எடுத்து வைத்தேன்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம். நீங்க முதல்ல அந்த சுவிட்சை..."

"சுவிட்ச் அப்படியேதான் இருக்கும். பன்னெண்டு ஓனரும் கையெழுத்துப் போடுற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன் சார்."

மணி ஐந்தேகால் ஆகியிருந்தது. துண்டை நனைத்துப் பிழிந்து முதுகுக்கு மடித்துக்கொண்டு, நாற்காலியை எப்போதும் போடும் இடத்தில் இழுத்துப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.